பதம் தப்பாத அடுப்பு: கப்பலின் எஞ்சின் ரூம் எப்படி இயங்குகிறது?

ஆயிரம் பேருக்கு இலை போடும் கல்யாணச் சமையற்கட்டுக்குள், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போய்ப் பாருங்கள். அடுப்பில் கொதிப்பதைப் பற்றித் தலைமைச் சமையல்காரருக்குப் பெரிய கவலை இருக்காது. அது கைக்கு வந்த வேலை. அவர் கண் ஓடுவதெல்லாம் வேறு பக்கம். கேஸ் சிலிண்டர் மாற்ற ஆள் நிற்கிறானா? தண்ணீர் டிரம் பாதிக்குக் கீழே போய்விட்டதா? எண்ணெய் டின் இன்னும் எத்தனை? கழுநீர் போகிற வழி அடைத்துக்கொண்டதா? கரண்ட் போனால் கிரைண்டருக்கு என்ன வழி? சாம்பார் தானாகக் கெடாது. இவற்றில் ஒன்று கெட்டால்தான் அது கெடும்.

கப்பலின் எஞ்சின் ரூமும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அந்தப் பெரிய எஞ்சினைப் பார்த்து வாய் பிளப்பார்கள். உள்ளே வேலை செய்பவர்கள் அதைச் சுற்றியிருக்கும் பம்பு, வடிகட்டி, குளிர்விப்பான், காற்றுத் தொட்டி, ஜெனரேட்டர் ஆகியவற்றின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம். மண்டபத்தில் கேஸ் தீர்ந்தால் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிப்போய் எடுத்து வரலாம். நடுக்கடலில் பக்கத்துத் தெரு கிடையாது. அடுப்பு அணைந்தால் பந்தி தாமதமாவதோடு போகாது. மண்டபமே நகர்ந்துபோய்ப் பாறையில் மோதும்.

இந்தச் சமையற்கட்டின் தலைவர் சீஃப் இன்ஜினியர். இந்திய மாலுமிகளின் வாயில் அவர் ‘படா சாப்’. அவருக்கு அடுத்தவர் செகண்ட். அன்றாட வேலையை நடத்துகிறவர் அவர்தான், பிரதான எஞ்சினும் பெரும்பாலும் அவர் பொறுப்பு. மூன்றாவது இன்ஜினியர் ‘தீன் சாப்’, நான்காவது ‘சார் சாப்’. ஜெனரேட்டர்கள் ஒருவரிடம், எரிபொருள் சுத்திகரிப்பும் கம்ப்ரஸரும் இன்னொருவரிடம் என்று வேலை பிரிந்திருக்கும். கீழே மோட்டார்மேன், ஃபிட்டர், வைப்பர். காதுக்கு மூடியில்லாமல் உள்ளே யாரும் நிற்க முடியாது. வெப்ப மண்டலக் கடலில் 45 டிகிரி சர்வசாதாரணம்.

முதலில் அடுப்பு. சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது மெதுவாகச் சுற்றும் இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். நெடுஞ்சாலையில் போகும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்று சுற்றும். இது எண்பதோ நூறோதான். அந்த நிதானமான சுழற்சியை அப்படியே தண்டு வழியாகப் புரொப்பல்லருக்குக் கொடுத்துவிடும். இடையில் கியர் பெட்டி இல்லை. பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். 1912-இல் டென்மார்க்கின் ‘செலாண்டியா’ டீசலை நம்பிக் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போய் வந்ததிலிருந்து தொடங்கிய, பெருங்கடல் கடக்கும் டீசல் கப்பல்களின் வம்சம் இது. 2006-இல் வந்த ‘எம்மா மேர்ஸ்க்’ கன்டெய்னர் கப்பலின் எஞ்சினுக்கு 14 சிலிண்டர்கள், எடை 2,300 டன், உயரம் 13.5 மீட்டர், ஆற்றல் ஏறக்குறைய 1,09,000 குதிரைத்திறன். ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவும் 96 சென்டிமீட்டர். பழுது பார்க்கும்போது ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம்.

அரிசி நல்லதாக அமைந்தால் சமையல்காரருக்குப் பாதி வேலை மிச்சம். கப்பலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வடித்து எடுத்தபிறகு அடியில் தங்கும் மண்டிதான் பல ஆண்டுகளாகக் கப்பலின் உணவு. ஆறியிருக்கும்போது தாரைப் போலக் கெட்டியாக இருக்கும். அப்படியே பம்பில் இழுக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. அதனால் எஞ்சினுக்குள் போவதற்கு முன்பே இந்த எண்ணெய்க்கு ஒரு தனிச் சமையல் நடக்கிறது.

பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தொட்டியின் அடியில் நீராவிக் குழாய்கள் ஓடும். அவை எண்ணெயை 40, 50 டிகிரிக்கு இளக்கினால்தான் பம்பு இழுக்கும். அடுத்த தொட்டியில் 60-லிருந்து 80 டிகிரி வரை சூடாக்கி அசையாமல் விடுவார்கள். தண்ணீரும் கசடும் கீழே இறங்கும். சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குள் போகும்போது 98 டிகிரி. நூறைத் தொடக் கூடாது. தொட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி எல்லாம் குழம்பிவிடும். எஞ்சினின் வாசலுக்கு வரும்போது 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆனால் அங்கே முக்கியம் டிகிரி அல்ல, பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார். கப்பலிலும் எண்ணெயின் குழைவை அளக்கும் கருவி ஒன்று குழாயிலேயே இருக்கிறது. கெட்டியாக இருந்தால் நீராவியைக் கூட்டும், நீர்த்துப்போனால் குறைக்கும். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏற்றும் எண்ணெய் ஒவ்வொரு ஜாதி என்பதால், வெப்பத்தை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. பதம் கெட்டியானால் எண்ணெய் பெரிய துளிகளாகத் தெளிக்கும், தாமதமாக எரியும், கரி படியும். அதிகமாக நீர்த்தால் உயரழுத்தப் பம்புக்குள்ளேயே கசிந்து, பம்பு தேய்ந்துபோகும்.

சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கப்பலில் ‘பியூரிஃபையர்’ என்பார்கள். அதன் பூர்வீகம் பால் பண்ணை. ஸ்வீடனின் குஸ்தாஃப் டி லாவல் 1878-இல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்க ஒரு சுழல் கிண்ணம் செய்தார். பால் வேகமாகச் சுற்றும்போது கனமானது ஓரத்துக்கு ஓடும், லேசான கொழுப்பு நடுவில் தங்கும். அதே தத்துவத்தில், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் கிண்ணத்துக்குள் எரிபொருளை விட்டால் தண்ணீரும் மண்ணும் ஓரத்துக்குப் போகும், சுத்தமான எண்ணெய் நடுவிலிருந்து வெளியே வரும். அவர் ஆரம்பித்த நிறுவனம்தான் இன்றைய ஆல்ஃபா லாவல். உலகக் கப்பல்களில் அதன் பெயர் பொறித்த பியூரிஃபையர்கள் ஏராளம். பால் வியாபாரத்துக்குச் செய்த கருவி இத்தனை அழுக்கான பிழைப்புக்கு வந்துசேரும் என்று டி லாவல் நினைத்திருக்க மாட்டார்.

இதில் அனுபவசாலிகள் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: அவசரப்படாதே. வடிகட்டியில் கஷாயத்தை மொத்தமாகக் கவிழ்த்தால் மண்டியும் சேர்ந்து வந்துவிடும், மெல்ல ஊற்றினால்தான் தெளிவு இறங்கும். பியூரிஃபையருக்குள் எண்ணெயை எவ்வளவு மெதுவாக விடுகிறோமோ அவ்வளவு சுத்தம். எஞ்சின் குடிக்கும் அளவுக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

அரிசியில் கல் இருப்பதுபோல இந்த எண்ணெயிலும் கல் உண்டு. சுத்திகரிப்பு ஆலையில் பயன்படுத்தும் வினையூக்கியின் பொடி, அலுமினியமும் சிலிக்கானும் கலந்தது, எண்ணெயோடு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எஃகைத் தேய்க்கும் அளவுக்குக் கடினம். ஐஎஸ்ஓ 8217 என்ற எரிபொருள் தரவிதிப்படி, கப்பலில் ஏற்றும் கனரக எண்ணெயில் இவை இரண்டும் சேர்ந்து கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம். எஞ்சின் தயாரிப்பாளர்களோ உள்ளே வரும்போது பத்து, பதினைந்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த வித்தியாசத்தைக் களைவது முழுக்க பியூரிஃபையரின் பாடு. தொட்டியின் அடியில் மாதக்கணக்காகத் தூங்கும் இந்தப் பொடி, கடல் கொந்தளிக்கும் நாளில்தான் கிளம்பி வரும். எஞ்சின் நின்றுபோகக் கூடாத நாளில் பார்த்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொட்டிகளின் அடித் தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டர்களைச் சுத்தம் செய்து வைக்கும் வழக்கம் இதனால் வந்ததுதான்.

எண்ணெய் ஏற்றும்போது குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மாதிரி பிடித்து முத்திரை வைப்பார்கள். சர்வதேச விதிப்படி அதில் ஒரு பாட்டிலைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இத்தனை இருந்தும் ஏமாறுவது உண்டு. 2022-இன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் எண்ணெய் ஏற்றிய சுமார் 200 கப்பல்களுக்குக் குளோரின் சேர்மங்கள் கலந்த சரக்கு போனது. ஏறக்குறைய 80 கப்பல்கள் எரிபொருள் பம்பிலும் எஞ்சினிலும் கோளாறு என்று புகார் செய்தன. வழக்கமான பரிசோதனையில் அந்தக் கலப்படம் தெரியவே தெரியாது. ருசி பார்த்துவிட்டோம் என்பதால் சாப்பாடு நல்லதென்று ஆகிவிடாது. புதுச் சரக்கைப் பழைய சரக்கோடு ஒரே தொட்டியில் கலக்காமல் வைத்திருப்பவரே புத்திசாலி.

2020 ஜனவரி 1 முதல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. புகையைக் கழுவும் கருவி பொருத்திய கப்பல்கள் மட்டும் பழைய எண்ணெயையே எரிக்கலாம். வட கடல், பால்டிக், வட அமெரிக்கக் கரை, 2025 மே முதல் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் வரம்பு 0.10. அந்த எல்லைக்குள் நுழையும் முன் 130 டிகிரி கனரக எண்ணெயிலிருந்து 40 டிகிரி லேசான டீசலுக்கு மாற வேண்டும். கொதிக்கும் மண்சட்டியில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இங்கே பம்பின் உள்பாகங்கள் மயிரிழை இடைவெளியில் ஓடுபவை. வெப்பம் சட்டென்று மாறினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் மாறக் கூடாது என்பது எஞ்சின் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் கணக்கு. ஆகவே இந்த மாற்றத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறுகிற நேரத்தில் இதை ஆரம்பிப்பவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

பற்றவைப்பது காற்று. 30 பார் அழுத்தத்தில் தொட்டிகளில் அடைத்துவைத்த காற்றை வரிசைப்படி சிலிண்டர்களுக்குள் விட்டால், பிஸ்டன் நகரும், எஞ்சின் சுழலும், பிறகு எரிபொருள் பற்றிக்கொள்ளும். முன்னும் பின்னும் சுற்றும் எஞ்சினாக இருந்தால், தொட்டியை மறுபடி நிரப்பாமலே 12 முறை ஸ்டார்ட் செய்யும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும் என்பது விதி. துறைமுகத்துக்குள் முன்னே, பின்னே, நிறுத்து என்று உத்தரவு மாறி மாறி வரும்போதுதான் அந்தப் பன்னிரண்டின் அருமை தெரியும். கிளம்புவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி, எண்ணெய்ப் பம்புகளை ஓட்டி, மோட்டார் கொண்டு மெல்லச் சுற்றிவிட்டு, பிறகு சிலிண்டர்களின் சிறு குழாய்களைத் திறந்துவைத்துக் காற்றை ஒருமுறை ஊதிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் கசிந்து தேங்கியிருந்தால் அந்தத் துளை வழியே பீய்ச்சியடிக்கும். திறக்காமல் ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத தண்ணீர் சிலிண்டரின் தலையையே பெயர்த்துவிடும்.

குளிர்விப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இந்த வகை எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பாதியைத் தண்டுக்குக் கொடுக்கிறது. சாலையில் ஓடும் கார் எஞ்சின்கள் எட்டாத சாதனை அது. மீதிப் பாதி வெப்பம். நன்னீர் எஞ்சினைச் சுற்றி வந்து வெப்பத்தை வாங்கும், கடல்நீர் அந்த நன்னீரைக் குளிர்விக்கும். எஞ்சினை விட்டு வெளியே வரும் நன்னீர் 80 டிகிரிக்கு மேல் இருக்கும். அதை வீணாக்காமல், கிட்டத்தட்ட வெற்றிடமாக்கிய ஒரு பாத்திரத்தில் கடல்நீரை 50 டிகிரி அளவிலேயே கொதிக்கவைத்துக் குடிநீர் எடுக்கிறார்கள். புகைபோக்கி வழியே போகும் வெப்பத்தில் நீராவி. அந்த நீராவிதான் முன்பு சொன்ன எண்ணெய்த் தொட்டிகளை இளக்குவது. சோறு வடித்த கஞ்சியைக்கூடக் கொட்டாத வீடு.

எண்ணெய்க்கு வருவோம். எரிக்கும் எண்ணெய் போதும், இது உயவு எண்ணெய். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2019 மார்ச் 23. நார்வேயின் மேற்குக் கரையில் ஹுஸ்டாட்விக்கா என்ற இடம், பாறைகள் நிறைந்த திறந்த கடல். புயல். ‘வைக்கிங் ஸ்கை’ என்ற சொகுசுக் கப்பலில் 1,373 பேர். அதில் நான்கு டீசல் ஜெனரேட்டர்கள் மின்சாரம் தயாரிக்கும், அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் புரொப்பல்லரைச் சுற்றும். ஒன்று ஏற்கெனவே பழுதாகி நிறுத்தப்பட்டிருந்தது. மற்ற மூன்றும் அன்று மதியம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நின்றுபோயின. கப்பல் இருட்டில், ஓட்டமில்லாமல் கரையை நோக்கி அடித்துக்கொண்டு போனது. நங்கூரங்கள் பிடிக்கவில்லை. ஹெலிகாப்டர்கள் 479 பேரை ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கின. இன்ஜினியர்கள் ஜெனரேட்டர்களை மறுபடி உயிர்ப்பித்தபோது, பாறைக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த தூரம் கப்பலின் நீளத்துக்கும் குறைவு என்று விசாரணை சொல்கிறது.

அந்த மூன்றிலும் எதுவும் உடையவில்லை. அடியிலிருந்த உயவு எண்ணெய்த் தொட்டிகளில் அளவு குறைவாக இருந்தது, அவ்வளவுதான். அகலமான தாச்சியில் எண்ணெய் பாதிக்கும் கீழே இருக்கும்போது, ஒரு பக்கம் சாய்த்தால் மறுபக்கம் அடி தெரியும். அலையில் கப்பல் புரளப் புரள எண்ணெய் ஒரு மூலைக்கு ஓட, உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் நின்றது. பம்பு காற்றை இழுத்தது. எண்ணெய் அழுத்தம் விழுந்தது. அழுத்தம் விழுந்தால் எஞ்சின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள், அதுவும் விசுவாசமாக நிறுத்திக்கொண்டது. தயாரிப்பாளர் சொன்னது 68-லிருந்து 75 சதவீதம் வரை. தொட்டிகளில் இருந்ததோ 28-லிருந்து 40 சதவீதம். அமைதியான கடலில் இந்த அளவோடு அதே கப்பல் பல நாள் ஓடியிருக்கிறது. அதுதான் இதில் உள்ள ஆபத்து. போதும்போலத் தோன்றும் அளவு, ஆட்டமில்லாத தரைக்கு மட்டுமே போதுமான அளவு.

பெரிய எஞ்சினில் உயவு எண்ணெய் இரண்டு வகை. ஒன்று அடியிலிருந்து ஏறி, தாங்கிகளை நனைத்து, திரும்ப அடிக்கே வரும். இன்னொன்று சிலிண்டரின் உட்சுவரில் பீய்ச்சப்பட்டு அங்கேயே செலவாகிவிடும். எரிபொருளின் கந்தகம் அமிலமாகி உட்சுவரை அரிக்கும். அதை முறிக்க இந்த எண்ணெயில் காரத்தன்மை சேர்த்திருப்பார்கள். கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு மாறிவிட்டு, காரம் மிகுந்த எண்ணெயையே தொடர்ந்தால் வெள்ளைப் படிவு சேர்ந்து சுவரைக் கீறும். புளிக்குத் தக்க உப்பு.

சரி, இவ்வளவையும் எப்படிக் கண்காணிக்கிறார்கள்? நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்பது பழைய முறை. செகண்ட் நாலு முதல் எட்டு வரை, மூன்றாவது இன்ஜினியர் பன்னிரண்டு முதல் நாலு, நான்காமவர் எட்டு முதல் பன்னிரண்டு. இப்போது பல கப்பல்களில் இரவில் எஞ்சின் ரூமில் ஆளே இருப்பதில்லை. ஏதாவது எல்லை தாண்டினால் பணியிலிருக்கும் இன்ஜினியரின் கேபினில் அலாரம் அடிக்கும். அவர் இறங்கிப் போனதும் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் அவர் பொத்தானை அழுத்தி ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லாவிட்டால் எல்லோருக்கும் அலாரம். தனியாகப் போனவர் வழுக்கி விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

அலாரம் நல்லது. ஆனால் அது வாசலில் நிற்கும் கடைசி ஆள். குழம்பு அடி பிடித்து முழு மண்டபத்துக்கும் வாடை வந்தபிறகு சொல்வதற்கு ஆள் எதற்கு? நல்ல சமையல்காரருக்குக் கரண்டி அடியில் லேசாக இழுக்கும்போதே தெரிந்துவிடும். எஞ்சின் ரூமில் அந்தக் கரண்டி, எண்களை நேற்றைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் ஒரு சிலிண்டரின் புகை 370 டிகிரி என்றால் அதில் ஒரு சேதியும் இல்லை, எல்லைக்குள்தான் இருக்கிறது. மற்ற ஐந்தும் 345-இல் நிற்க இது மட்டும் 370, முந்தாநாள் 350 என்றால் சேதி இருக்கிறது. எரிபொருள் தெளிப்பான் ஒழுகுகிறதா, புகை வால்வு கருகுகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு சோற்றையும் நசுக்கித்தான் பார்க்க வேண்டும்.

கையும் மூக்கும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஸ்டார்ட் காற்று வரும் குழாய், எஞ்சின் ஓடும்போது சூடாக இருக்கக் கூடாது. ஒரு சிலிண்டரின் அருகே மட்டும் சுட்டால், அங்கே வால்வு கசிந்து எரியும் வாயு குழாய்க்குள் திரும்புகிறது என்று பொருள். குழாய்க்குள் எண்ணெய்ப் படலம் இருந்தால் அடுத்த ஸ்டார்ட்டில் அது வெடிக்கலாம். தீய்ந்த பெயின்ட் வாடை, பம்பின் புது முனகல், தட்டில் நேற்று இல்லாத ஒரு சொட்டு எண்ணெய் ஆகியவற்றுக்கெல்லாம் எந்தத் திரையிலும் கட்டம் கிடையாது. சுற்றிவராமல் கன்ட்ரோல் ரூம் நாற்காலியிலேயே நான்கு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, லாக் புத்தகத்தில் போன காவலின் எண்களையே எழுதி வைப்பவர்களும் உண்டு. என் பார்வையில், கப்பலில் செய்யக்கூடிய பொய்களில் அதைவிட மோசமானது இல்லை.

தீயைப் பற்றிச் சொல்லாமல் சமையற்கட்டைப் பற்றி எழுத முடியாது. 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எந்தப் பரப்பையும், எண்ணெய் தெறிக்க வாய்ப்பிருந்தால், காப்புறை போட்டு மூட வேண்டும் என்பது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி. எஞ்சின் ரூம் தீவிபத்துகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: ஒரு குழாய் கசியும், எண்ணெய் தெளிப்பாக எழும்பும், பழுதுக்காகக் கழற்றிய காப்புறையைத் திரும்ப மாட்டாத ஓர் இடத்தில் போய் விழும். பிடித்துக்கொண்டால் எரியும் எண்ணெய்ச் சட்டிக்குச் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: அடுப்பை அணை, மூடியைப் போடு. வெளியிலிருந்தே எரிபொருள் வால்வுகளைச் சட்டென மூட நெம்புகோல்கள் உண்டு. காற்று வழிகளை அடைத்து, கார்பன் டைஆக்சைடை உள்ளே விடுவார்கள். அதற்கு முன் தலை எண்ணியாக வேண்டும். அந்த வாயு தீயைக் கொல்வதுபோலவே மனிதரையும் கொல்லும்.

இதைவிடப் பயங்கரம், மூடியைத் திறக்கும் ஆசை. எஞ்சினின் அடிப்பெட்டிக்குள், கிராங்க்கேஸில், ஒரு தாங்கி சூடேறினால் எண்ணெய் ஆவியாகி, மறுபடி குளிர்ந்து வெண்மூட்டமாக நிறையும். அது வெடிக்கக்கூடிய கலவை. 1947 செப்டம்பர் 11 அன்று, பழுதுபார்ப்பு முடிந்து வட அயர்லாந்துக் கரையருகே வெள்ளோட்டம் விட்ட ‘ரெய்னா டெல் பசிஃபிகோ’ கப்பலில் ஒரு பிஸ்டன் அதிகமாகச் சூடானதில் தொடங்கிய கிராங்க்கேஸ் வெடிப்பு மற்ற எஞ்சின்களுக்கும் பரவி 28 பேரைக் கொன்றது. அழுத்தத்தை வெளிவிட்டு உடனே மூடிக்கொள்ளும் கதவுகளும், மூட்டத்தை மோப்பம் பிடிக்கும் கருவிகளும் பரவியதற்கு அந்தச் சாவுகள் முக்கியக் காரணம். இன்று மூட்டம் எச்சரித்தால் வேகத்தைக் குறை, நிறுத்து, கிராங்க்கேஸ் பக்கத்திலிருந்து விலகு. குறைந்தது அரை மணி நேரம் கதவைத் தொடாதே. குக்கர் அடங்கும் முன் மூடியைப் பிடுங்குபவருக்கு வீட்டில் முகம் வேகும். இங்கே புதுக் காற்று உள்ளே போன கணத்தில் வெடிப்பு வரலாம். ஏற்கெனவே ஒன்று வெடித்திருந்தால், இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாகவே வரும்.

கழுநீருக்கு ஒரு பத்தி. எல்லாக் கசிவும் வந்து சேரும் பள்ளம் பில்ஜ். அந்த நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்குமேல் இருந்தால் கடலில் விடக் கூடாது. விட்டதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணெயைப் பிரிக்கும் கருவியைத் தவிர்த்து ரகசியக் குழாய் போட்டு வெளியேற்றியதற்காகப் பிரின்சஸ் குரூயிஸ் நிறுவனம் 2016-இல் அமெரிக்காவில் 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. காட்டிக்கொடுத்தவர் புதிதாகச் சேர்ந்த ஓர் இன்ஜினியர்.

கடைசியாகக் கரண்ட். மின்சாரம் போனால் எண்ணெய்ப் பம்பு, தண்ணீர்ப் பம்பு, சுக்கான் எல்லாம் ஒரே நொடியில் போகும். பிரதான எஞ்சினும் கூடவே நிற்கும். அவசர ஜெனரேட்டர் 45 நொடிக்குள் பாரத்தை ஏற்க வேண்டும் என்கிறது விதி. துறைமுகக் கால்வாயில் 45 நொடி என்பது நீண்ட நேரம். 2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரில் ‘டாலி’ கன்டெய்னர் கப்பலில் நடந்தது அதுதான். சில நிமிடங்களுக்குள் இரண்டு முறை இருள். ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதல். பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் இருபது பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அமெரிக்க விசாரணை வாரியம் கண்டுபிடித்த முதல் காரணம், மின்பெட்டிக்குள் தளர்ந்திருந்த ஒரு கம்பி. அதில் சுற்றியிருந்த பெயர்ச்சீட்டு இடறியதால், கம்பி முனை தன் பிடிப்புக்குள் முழுதாகப் போய் உட்காரவில்லை. இரண்டாவது இருளுக்குக் காரணம், ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் ஊட்ட அதற்கென்று இல்லாத ஒரு பம்பைப் பயன்படுத்தியது. மின்சாரம் திரும்பியபோது அந்தப் பம்பு தானாக ஓடத் தொடங்கும் வகையல்ல.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் கப்பல் இன்ஜினியரிங் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் வருடாவருடம் இருக்கிறார்கள். பெற்றோர்களே, சம்பளத்தை விசாரிக்கும்போது ஓய்வு நேரத்தையும் விசாரியுங்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10, ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு என்பது சர்வதேச விதி. தாளில் மட்டும் அதைக் காட்டும் கப்பலில் பிள்ளையை ஏற்றாதீர்கள். ஏறப்போகும் பிள்ளைகளுக்கு: முதல் நாள் பெரிய எஞ்சினின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. மறுநாளிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பம்புகளையும், தொட்டி அளவுகளையும், மின்பெட்டிகளில் உள்ள கம்பி முனைகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள்.